பூட்டியின் பெயர்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இணையத்தளங்களில் வம்சாவளி தேடுவது பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் கணினி படித்தவள் அல்ல. சில வருடங்களாக இதில் மினைக்கெட்டவள், அவ்வளவுதான்.

கனடாவில் இருக்கும் என் மாமாவின் மகன் எங்கள் குடும்ப மரத்தை ‘ஜெனி’ என்ற தளத்தில் ஏற்றி எனக்கும் அனுப்பினார். ஆண்கள் எல்லோருக்கும் பெயர் இருந்தது. மலாயா றெயில்வேயில் வேலை பார்த்த பூட்டனுக்குப் படமும் இருந்தது. பக்கத்துப் பெட்டியில் பூட்டிக்கு ‘மனைவி’ என்று மட்டும் எழுதியிருந்தது. மச்சானைக் கேட்டேன். “ஒருத்தருக்கும் பெயர் தெரியாதாம்” என்றார்.

பிழை அவருடையது அல்ல. இந்தத் தளங்கள் குடும்பப் பெயர் உள்ளவர்களை நினைத்து அமைக்கப்பட்டவை. பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரே குடும்பப் பெயர் என்றால் அதைத் தட்டியதும் பரம்பரையே வந்து நிற்கும். எங்களுக்குத் தகப்பனின் பெயர்தான் முதலெழுத்து. அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். பெண்ணுக்கோ கலியாணத்தோடு இன்னொரு முறை மாறும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒரு சிக்கல். சின்னத்தம்பியை ஒருவர் ‘எஸ்’ஸிலும் இன்னொருவர் ‘சி’யிலும் தொடங்கியிருப்பார். 1816இல் வந்த அமெரிக்க மிஷனின் பள்ளிகளில் படித்த சில பிள்ளைகளுக்கு, அவர்களின் செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயரே வைக்கப்பட்டது. எனவே ஒரு பெயரைத் தட்டி ஒன்றும் வரவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். வேறு எழுத்துக்கூட்டலிலும், ஊரின் பெயரோடும் தேடுங்கள்.

பூட்டியின் பெயர் கடைசியில் கணினியில் கிடைக்கவில்லை. அம்மாவின் றங்குப்பெட்டியில், அம்மம்மாவின் சீதன உறுதியில் கிடைத்தது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையின்படி தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கே சேரும். அதனால் காணி வந்த வழியைச் சொல்லும்போது நொத்தாரிசு தாயின் பெயரை எழுதியே ஆகவேண்டும். பூட்டியின் பெயர், அவருடைய தகப்பனின் பெயர், ஊர் எல்லாம் அதில் இருந்தன. கையொப்பம் இடும் இடத்தில் ஒரு புள்ளடி. எழுதத் தெரியாத அந்தப் பெண்மணிதான் தன் மகளை இந்தக் கல்லூரிக்குப் படிக்க அனுப்பியவர்.

1995 இடப்பெயர்வில் இப்படியான பெட்டிகளை விட்டுவிட்டு நடந்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்குக் கல்லூரியின் சேர்வு இடாப்பு பெரிய துணை. அதில் நாங்கள் திருமதி இன்னார் அல்ல. தகப்பன் பெயரோடும் சொந்தப் பெயரோடும் நிற்கிறோம். பழைய கல்லூரிச் சஞ்சிகைகளும் அப்படித்தான். அவற்றை வைத்திருப்பவர்கள் பெயர்ப் பட்டியல் உள்ள பக்கங்களைப் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்பி உதவுங்கள்.

தேடுவது போலப் பகிர்வதிலும் கவனம் வேண்டும். ‘ஃபமிலி சேர்ச்’ போன்ற தளத்தில் எல்லோருக்கும் ஒரே மரம். நீங்கள் எழுதியதை முகம் தெரியாத ஒருவரும் திருத்தலாம். உயிரோடு இருப்பவர்களின் விபரங்களைப் பெரும்பாலான தளங்கள் வெளியாருக்குக் காட்டுவதில்லை. ‘காலமானவர்’ என்று குறித்ததும் அந்த மறைப்பு நீங்கிவிடும்.

எங்கள் உறவுக்குள்ளேயே இது நடந்தது. 2009இல் காணாமற்போன ஒரு பிள்ளைக்கு, பெட்டி வெறுமையாக இருக்கிறதே என்று, யாரோ இறந்த ஆண்டைப் போட்டுவிட்டார்கள். தாய் அதைக் கைத்தொலைபேசியில் பார்த்தார். என்னை அழைத்து, “நான் இன்னும் அப்பிடிச் சொல்லேல்லையே பிள்ளை” என்றார். அன்றிரவே அழிப்பித்தோம். போட்டவர் கெட்ட எண்ணத்தோடு போடவில்லை, கேட்காமல் போட்டார்.

ஆகவே, உயிரோடு இருப்பவர்களைப் பற்றி அவர்களைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். வளர்ப்புப் பிள்ளை, பிரிந்த கலியாணம், காணாமற்போனவர் பற்றிய செய்திகள் அந்தந்த வீட்டாருக்கு உரியவை. தாயின் கன்னிப்பெயரைச் சில வங்கிகள் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்பதையும் மறக்க வேண்டாம். வெறுமையான பெட்டி வெறுமையாகவே இருக்கலாம்.

ஆனால் கேட்டு அறியக்கூடிய பெயரைக் கேட்காமல் விடாதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும், அம்மா இருந்தால் அம்மாவிடம், இல்லையென்றால் மூத்த மாமியிடமோ பெரியம்மாவிடமோ, அவருடைய அம்மம்மாவின் பெயரைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். இணையத்தில் ஏற்றுவது பிறகு. எங்கள் மரத்தில் ‘மனைவி’ என்றிருந்த இடத்தில் இப்போது பூட்டியின் பெயர் இருக்கிறது.