பக்கத்தில் உட்கார ஓர் ஆள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேசுவதே வழக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிக் காலந்தள்ளும் எம்மனோர்க்கும் இவ்வாண்டு இடந்தந்த சங்கத்தாருக்கு நன்றி. இலக்கியம் பேச நமக்குத் தகுதி போதாது. ஆதலால், நம் காலனியிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றைப் பற்றியும், நம் வீட்டு முதியோரைப் பற்றியும் சில சொற்கள் கூற விழைகிறோம்.

ரயில்வேயில் ஒருவருக்கு 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளன்று ஓய்வு. மாலை போடுகிறோம், சால்வை போர்த்துகிறோம், மிக்சரும் ஜிலேபியும் உண்டு. மறுநாள் காலையிலும் அம்மனிதர் ஐந்து மணிக்கே விழித்துக்கொள்கிறார். குளித்து, நீறு பூசி, சட்டை அணிந்து நிற்கிறார். போவதற்குத்தான் இடமில்லை. மாட்டுங்காவின் கோயில் வாயில்களிலும் செம்பூர்ப் பூங்காக்களின் இருக்கைகளிலும் இத்தகையோரை நாள்தோறும் காணலாம். ஒரே செய்தித்தாளைக் காலையிலும் மாலையிலும் படிப்பார்கள். வீட்டில் இருந்தால் மருமகளுக்கு இடைஞ்சல் என்று தாமே எண்ணிக்கொண்டு வெளியே அமர்ந்திருப்பவர்களும் அவர்களுள் உண்டு.

இனி, பள்ளியின் பக்கம் வருவோம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. அங்கே பயிலும் குழந்தைகள் யாருடையவர்கள்? விடியுமுன் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தாராவியிலிருந்து புறப்படும் தந்தையின் குழந்தைகள். தோல் பட்டறையிலும் தையற் கூடத்திலும் இரவு வரை உழைப்போரின் குழந்தைகள். நம் காலனிக் குழந்தைகளுள் மிகப் பலர் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். தமிழ்ப் பற்றைப் பற்றி மேடையில் முழங்கும்போது நமக்கு ஏற்படும் கூச்சத்திற்கு அதுவே காரணம்.

ஆண்டுதோறும் அப்பள்ளிக்கு நாம் நோட்டுப் புத்தகங்கள் வழங்கி வந்தோம். போவோம், படம் எடுத்துக்கொள்வோம், தேநீர் அருந்தித் திரும்புவோம். மூன்று ஆண்டுகட்கு முன் அங்கிருந்த ஆசிரியை ஒருவர், "நோட்டு நிறைய இருக்கிறது, ஐயா. அதைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளை பக்கத்தில் உட்கார ஓர் ஆள்தான் இல்லை" என்றார். அன்று அவர் இரு வகுப்புகளை ஒருசேரக் கவனித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எங்கள் முன் எழுந்து நின்று, இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக் கூட்டிக்கூட வாசிக்க இயலாமல் தலைகுனிந்தான். படம் எடுக்க வந்தவர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார்.

நம் முன்னோர் இதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த தென்னாட்டார் 1932ஆம் ஆண்டிலேயே மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். தாராவியில் காமராசர் பெயரால் பள்ளி நடக்கிறது. அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் கூடின. கடம்பத்தூரில் 1958இல் அவ்வியக்கம் தொடங்கிற்று. பெஞ்சு, கடிகாரம், மணி, கரும்பலகை என ஊரார் தத்தம் இயல்புக்கேற்பக் கொணர்ந்து கொடுத்தனர். மதிய உணவும் அரசின் பங்கோடு ஊராரின் பங்கும் சேர்ந்தே உலையேறிற்று. பள்ளி அரசாங்கத்தின் சொத்து, நமக்கென்ன என்று அன்று யாரும் விலகி நிற்கவில்லை.

சட்டமும் நமக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப்பேர் பெண்கள். குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்துப் பேணுபவரே பாதுகாவலர் எனச் சட்டம் கூறுகிறது. எனவே, தாய் தந்தையர் ஊரில் இருக்க, பேரனை இங்கே வைத்து வளர்க்கும் பாட்டியும் அக்குழுவில் அமரலாம். பள்ளி எப்படி நடக்கிறது, பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்கலாம். நாற்பது ஆண்டு சம்பளப் பட்டியல் சரிபார்த்த கண்களுக்கு அக்கணக்கு ஒரு பொருட்டா?

அந்த ஆசிரியையின் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. முறையாக இசைவு பெற்று, எங்களுள் சிலர் மூத்தவர் மூவரை அழைத்துக்கொண்டு போனோம். முதல் மாதமே ஒரு தவறு நேர்ந்தது. அலுவலகத்தில் கண்டிப்புக்குப் பெயர் பெற்ற பெரியவர், பழைய நினைவில் ஒரு சிறுவனின் காதைத் திருகிவிட்டார். அடித்தலும் மனம் நோகப் பேசுதலும் சட்டப்படி கூடா என்று எடுத்துரைத்து, அவரைச் சில வாரம் வரவேண்டா எனப் பள்ளியார் கூறிவிட்டனர். அவர் மிக வருந்தினார். பிழை எங்களுடையது; முன்னரே சொல்லியிருக்க வேண்டும். இப்போது புதிதாக வருபவர்க்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறோம். பலர் பார்க்கும் இடத்திலேயே பிள்ளைகளோடு அமர வேண்டும், ஆசிரியரின் வேலையில் குறுக்கிடலாகாது என்பவற்றையும் சொல்லுகிறோம்.

இரண்டாமவர் பணிமனையில் கலாசியாக இருந்தவர். கையொப்பத்திற்கு மேல் எழுதத் தெரியாதவர். "நான் வந்து என்ன செய்ய, தம்பி?" என்று தயங்கினார். அவருக்குத் தாராவியின் சந்துகள் அனைத்தும் மனப்பாடம். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியை சொல்ல, அவர் சால் சாலாகச் சென்று விசாரிப்பார். ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டிருந்தாள், ஒருவனுக்குச் செருப்பில்லை, ஒருவன் இட்லி விற்கத் தந்தையோடு போய்க்கொண்டிருந்தான். அச்சிறுவனின் தந்தையோடு அவர் மூன்று நாள் பேசினார். நான்காம் நாள் பையன் வகுப்பில் இருந்தான். சுற்றறிக்கையால் ஆகாத காரியம், "ஏலே, உங்க அப்பன எனக்குத் தெரியும்லா" என்ற ஒரு சொல்லால் ஆயிற்று.

மூன்றாமவர் நம் காலனி ஆச்சி ஒருவர். எழுத்தறியாதவர். கதைப் புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "நீ வாசி, நான் கேட்கிறேன்" என்பார். நமக்கெனில் முடிவு தெரியும். பிள்ளை திக்கும் இடத்தில் பொறுமையிழந்து நாமே சொல்லிவிடுவோம். ஆச்சிக்கோ பிள்ளை வாசித்தாலொழியக் கதை தெரியாது. "அப்புறம்?" என்று அவர் கேட்பது உண்மையான கேள்வி. அன்று தலைகுனிந்த சிறுவன் ஆச்சியிடம் வாசித்தே எழுத்துக் கூட்டக் கற்றான். இங்கே இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தாணே மாவட்டம் பாங்கணே கிராமத்தில் 2016 மார்ச் 8இல் பாட்டிமார்க்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார்கள். அறுபது கடந்தவர்கள் இளஞ்சிவப்புச் சேலை உடுத்திப் பலகை ஏந்திச் சென்றார்கள். அச்செய்தியைச் சொன்னதிலிருந்து நம் ஆச்சியும் அ, ஆ எழுதிப் பார்க்கிறார். எழுத்துக் கோணினால் சிறுவன் திருத்துகிறான்.

இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அறுபதுக்கு மேற்பட்டோர் தொடக்கப் பள்ளிகளுக்கு வாரம் 15 மணி நேரம் சென்று உதவியதை மருத்துவப் பேராசிரியர்களே ஆராய்ந்தனர். பிள்ளைகளின் படிப்போடு முதியோரின் உடல்நலமும் சிந்தனைத் திறனும் அவ்வாராய்ச்சியின் பொருளாயிருந்தன. நாம் பதினைந்து மணி கேட்கவில்லை. வாரம் இரண்டு நாள், நாளைக்கு ஒன்றரை மணி போதும்.

ஓர் உடனடித் தேவையைக் கூறி அமர்கிறோம். கலாசிப் பெரியவர் வரும் பங்குனி உத்திரத்திற்குச் சாஸ்தா கோயில் வழிபாட்டுக்காகத் தாதர் திருநெல்வேலி வண்டியில் ஊருக்குப் போகிறார். திரும்ப மூன்று வாரம் ஆகும். அது தேர்வு நெருங்கும் காலம். வராத பிள்ளைகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு சந்துகளுக்குப் போக யாராவது வேண்டும். புறப்படுமுன் ஒரு வாரம் உடன் அழைத்துச் சென்று வீடுகளைக் காட்டுவதாகப் பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பெயர் கொடுப்போர்க்காக வாயிலருகே மேசைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பேனாவும் இருக்கிறது.