நடுவுல நிறுத்த முடியுற ஆட்டம்

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ரொம்ப நாளா பேசணும்னு நினைச்சு தள்ளிப்போட்ட ஒரு விஷயத்தை இன்னைக்குப் பேசிடலாம்னு உட்கார்ந்திருக்கேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கம். எங்க பக்கம் பொங்கல்னா ஜல்லிக்கட்டும் கபடியும்தான். ஜல்லிக்கட்டுல மாடுபிடி வீரர்கள் களத்துல இறங்குறதுக்கு முன்னாடி டாக்டர் செக்கப் உண்டு. எங்க ஊர் கபடிக்கு அதெல்லாம் கிடையாது. பேரைக் குடுத்தா இறங்கிடலாம்.

நான் வேடிக்கை பார்த்துட்டு நின்னேன். பெரியப்பா மகன் கத்துறாரு: "டேய் தம்பி, ஒரு ஆள் குறையுதுடா, சட்டையைக் கழட்டிட்டு வா!" பத்தொன்பது வயசு வரைக்கும் அந்த டீமுக்கு நான்தான் ரெய்டர். கால் தானா ரெண்டு அடி முன்னாடி போயிடுச்சு.

என் நெஞ்சுக்குள்ள ஒரு உலோக வால்வு இருக்கு. ராத்திரி ரூம் அமைதியா இருந்தா அது 'டிக் டிக்'னு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்கும்.

சின்ன வயசுல அடிக்கடி தொண்டை வலி, அப்புறம் காய்ச்சலோட மூட்டு வீக்கம். யாரும் பெருசா எடுத்துக்கல. அது ருமாட்டிக் காய்ச்சல். சரியா கவனிக்கலன்னா இதய வால்வைக் கெடுத்துடும். எனக்கு மைட்ரல் வால்வு சுருங்கிப்போச்சு. ஒரு மேட்ச்ல பாடிக்கிட்டே போறேன், பாதியில மூச்சே இல்ல. எக்கோ எடுத்தாங்க, ஆபரேஷன் ஆச்சு. உலோக வால்வு வெச்சதால ரத்தம் உறையாம இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அளவு சரியா இருக்கான்னு பார்க்க அப்பப்போ ஐ.என்.ஆர். டெஸ்ட்.

அதுக்கப்புறம் எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "நான் விளையாடலாமா?" எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னாங்க: "வேணாம்பா." அப்பத்தா நான் மாடிப்படி ஏறினாலே திட்டும். ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்தேன். வெயிட் போட்டுச்சு, தூக்கம் போச்சு. படி ஏறினா இதயம் வேகமா அடிக்கும். அதுக்குப் பயந்து ஏறுறதையே விட்டேன். ஏறாததால இன்னும் சீக்கிரமா மூச்சு வாங்குச்சு.

ஒரு செக்கப்ல டாக்டர்தான் திருப்பிக் கேட்டாரு: "தம்பி, எந்த விளையாட்டுன்னு சொல்லாம விளையாடலாமான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் சொல்லிக் குடுத்ததையும் அப்புறம் நான் படிச்சதையும் சேர்த்து இப்போ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அஞ்சு கேள்வி கேட்டுப் பார்ப்பேன்.

ஒன்னு, எவ்வளவு ஓடணும்? ஓட்டம், சைக்கிள், ஃபுட்பால் எல்லாம் இதயத்தை நிறைய ரத்தம் பம்ப் பண்ணச் சொல்லும்.

ரெண்டு, எவ்வளவு தம் கட்டணும்? வெயிட் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டுனு ஏறும். மகாதமனி வீங்கி இருக்குறவங்களுக்கு நடை பெரும்பாலும் ஒத்துக்கும், கனமான வெயிட் ஆபத்து. பார்க்க ஜிம்தான் பாதுகாப்பு மாதிரி தெரியும், ஆனா அவங்களுக்கு அது தலைகீழ்.

மூணு, அடி படுமா? என்னை மாதிரி ரத்தம் உறையாம மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இதுதான் முதல் கேள்வி. தலையில ஒரு அடி விழுந்தா உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கலாம்.

நாலு, தலை சுத்தினா எங்க இருப்போம்? தரையில நடந்துட்டு இருந்தா உட்கார்ந்துடலாம். தண்ணிக்குள்ள இருந்தா? லாங் க்யூ.டி.னு ஒரு இதயத்துடிப்புப் பிரச்சினை இருக்கு. அதுல ஒரு வகைக்கு நீச்சலே துடிப்பைக் குலைச்சுடும்.

அஞ்சாவதுதான் எனக்கு முக்கியமா படுது: நடுவுல நிறுத்த முடியுமா? கபடியில பாடிட்டு இருக்கும்போது "ஒரு நிமிஷம் இருங்கப்பா"னு சொல்ல முடியாது. டர்ஃப்ல கடைசி அஞ்சு நிமிஷம் ஸ்கோர் சமமா இருந்தா நான் உட்கார மாட்டேன், எனக்கே தெரியும். அங்க என்னை நிறுத்த விடாதது ரோஷம்.

"அன்வர் அலி ஆடலையா?"னு நீங்க கேட்கலாம். 2017-ல அண்டர் 17 உலகக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடின டிஃபெண்டர் அவர். 2019-ல இதயத் தசை தடிச்சுப்போற பிரச்சினை இருக்குன்னு தெரிஞ்சுது. ஃபுட்பால் சம்மேளனம் ஆட வேணாம்னு நிறுத்துச்சு. டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போனாரு. 2021-ல திரும்ப அனுமதி கிடைச்சு, 2022-ல இந்தியா சீனியர் டீமுக்கே ஆடினாரு. டென்மார்க்கோட எரிக்சன் 2021 ஜூன் 12 அன்னைக்கு மேட்ச் நடுவுல இதயம் நின்னு விழுந்தாரு. அவருக்கு ஐ.சி.டி. கருவி வெச்சாங்க. அந்தக் கருவியோட இத்தாலி லீக்ல ஆட விடல, இங்கிலாந்துல விட்டாங்க.

ரெண்டுமே நம்பிக்கை குடுக்குற கதைதான், ஆனா நமக்கான பெர்மிஷன் லெட்டர் இல்ல. அவங்க நோய் வேற, என் நோய் வேற. அவங்களைச் சுத்தி டாக்டர் டீமே இருக்கு. அப்பவும் நிபுணர்கள் ஒரே முடிவுக்கு வரல. 'ஹார்ட் பிராப்ளம்'னு ஒரே வியாதி கிடையாது.

நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்? முதல்ல நடை. புதுக்கோட்டை டவுன்ல சித்தி வீட்டுல தங்கி, காலையில புதுக்குளத்தைச் சுத்துவேன். அளவு பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கு. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. பேசவே மூச்சு வாங்கினா வேகத்தைக் குறைக்கணும். துடிப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு வாட்ச் காட்டுற நம்பர் சரியான கணக்கா இருக்காது, அதனால இந்தப் பேச்சுக் கணக்குதான் கைகொடுக்கும்.

ஆறு மாசம் கழிச்சு ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு ஷட்டில் ஆடலாம்னு டாக்டர் சொன்னாரு. சிங்கிள்ஸ் இல்ல, டபுள்ஸ். யார் மேலயும் மோத வேண்டியது இல்ல, பாயின்ட்டுக்குப் பாயின்ட் மூச்சு விட நேரம் இருக்கு, கையைத் தூக்கினா நிறுத்திடலாம்.

ஜெயிக்கணும்ங்கிற வெறிக்கு? கேரம். சிரிக்காதீங்க, ரெண்டு தடவை உலக சாம்பியன் ஆன நம்ம சென்னை மரிய இருதயம் கேரம் ஆடித்தான் அர்ஜுனா விருது வாங்கினாரு. ஆனா கேரம் உடற்பயிற்சி ஆகாது. எனக்கு அது மனசுக்கு, நடையும் ஷட்டிலும் உடம்புக்கு.

உங்களுக்கு இதயத்துல ஏதாவது இருந்தா, எக்கோ ரிப்போர்ட்டோட ஆட்டத்து பேரையும் டாக்டர்கிட்ட சொல்லி, "எந்த அளவுக்கு?"னு கேளுங்க. ஆடும்போது நெஞ்சு அழுத்தம், தலைசுத்தல், தாறுமாறான படபடப்பு வந்தா அதோட நிறுத்துங்க, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. மயங்கி விழுந்துட்டா சுத்தி இருக்கவங்க உடனே 108-க்கு அடிக்கணும்.

இன்னொன்னு, கூட ஆடுறவங்ககிட்ட சொல்லிடுங்க. நான் ஆபீஸ்ல ரெண்டு வருஷம் மறைச்சேன். டர்ஃப்ல கோல் கீப்பரா நின்னா போதும்னாங்க, நின்னேன். தொடையில ஒரு பந்து பட்டுச்சு. பத்து நாள் நீலம் பாரிச்சுக் கிடந்தேன். தலையில பட்டிருந்தா? அடுத்த நாளே எல்லார்கிட்டயும் சொன்னேன். யாரும் கேலி பண்ணல. ஒருத்தன் சி.பி.ஆர். கத்துக்கிட்டு வந்தான்.

சரி, பொங்கலுக்கு வருவோம். முன்னாடி போன அந்த ரெண்டு அடியோட நின்னேன். "அண்ணே, என்னால முடியாது, அடி பட்டா ரத்தம் நிக்காது"னு எல்லார் முன்னாடியும் சத்தமா சொன்னேன். ஒரு செகண்ட் மைதானமே அமைதி. அப்புறம் அண்ணன் வந்து கையில விசிலைக் குடுத்துட்டுப் போனாரு.

அம்பயரா நின்னேன். சாயங்காலம் அவரே ஷட்டில் பேட் எங்க கிடைக்கும்னு கேட்டாரு. அவருக்கும் நாற்பது தாண்டிடுச்சு, பிரஷர் மாத்திரை சாப்பிடுறாராம். வீட்டுல யாருக்கும் தெரியாதாம்.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.