விளக்கெண்ணெயை அடையாளம் காணுதல்

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் முள்ளுக்குறிச்சி. அந்த ஊர்ப்பக்கத்திலும், அண்டையிலுள்ள சேலம் மாவட்டத்திலும் ஆமணக்கு நெடுநாளாக அறிமுகமான பயிர். நிலக்கடலைக்கு ஊடுபயிராகவும் வரப்போரத்துச் செடியாகவும் அது மானாவாரி நிலங்களில் விளையும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் அமைந்திருப்பது மிகப் பொருத்தமே.

கொட்டைமுத்தை வறுத்து, இடித்து, நீர்விட்டுக் காய்ச்சி, மேலே மிதந்து வரும் எண்ணெயை வழித்தெடுப்பது நம் கிராமத்து முறை. விதையில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அஃது ஒரு புரதம், எண்ணெயில் கரையாது, கொதிக்கும் நீரில் கெட்டுச் செயலற்றுப் போகும். நம் பாட்டிமார் ரிசினின் பெயரை அறியார். ஆயினும் அதை அடக்கும் வழியை அறிந்திருந்தனர். அவர்களுடைய அந்த அறிவை இரசாயனம் படித்த நாம் எளிதாக எண்ணிவிடலாகாது.

மாணவ நண்பர்களே, முள்ளுக்குறிச்சியிலிருந்து ஒருவர் ஒரு சீசா விளக்கெண்ணெயைக் கொண்டுவந்து, 'இதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா?' என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். குழந்தைக்குப் பேதிக்குக் கொடுக்க வாங்கிய எண்ணெயாக அஃது இருக்கலாம். தொழிற்சாலைக்கு விற்க வந்த சரக்காகவும் இருக்கலாம். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். எவ்வாறு விடை கூறுவோம்?

எண்ணெய் என்பது ஒரே பொருளன்று. கிளிசரின் என்னும் தண்டில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கிளைகளைப் போல் இணைந்தது அதன் ஒவ்வொரு மூலக்கூறும். பிரெஞ்சு நாட்டு அறிஞர் செவ்ரூல் பல ஆண்டுகள் உழைத்து, 1823இல் வெளியிட்ட நூலில் கொழுப்பின் இந்த உள்ளமைப்பை விளக்கினார். எந்தெந்த அமிலம் எவ்வளவு என்பதே ஓர் எண்ணெயின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறைவதும் நல்லெண்ணெய் உறையாதிருப்பதும் இந்த வேற்றுமையால்தான்.

கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் நீங்கள் முதலில் கற்பது அயோடின் மதிப்பு. ஹூப்ல் என்னும் ஆஸ்திரிய நாட்டவர் 1884இல் வகுத்த முறை அது. அமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடங்களில் அயோடின் சென்று சேரும். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறது என்பதே அந்த மதிப்பு. தேங்காயெண்ணெய்க்கு அது 10ஐத் தாண்டுவது அரிது. நல்லெண்ணெய்க்கு 100க்கு மேல். ஆகவே இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிது.

நம் சீசாவுக்கு வருவோம். விளக்கெண்ணெயின் அயோடின் மதிப்பு ஏறத்தாழ 82 முதல் 90 வரை. கடலையெண்ணெய்க்கோ 85 முதல் 99 வரை! விளக்கெண்ணெயில் கடலையெண்ணெயைத் தாராளமாகக் கலந்தாலும் இந்த எண் ஏதும் சொல்லாது. ஒரே ஓர் எண்ணைக் கண்டு எண்ணெய்க்குச் சான்றிதழ் வழங்குவது எத்தகைய ஆபத்து என்று பாருங்கள்.

காரணம் சுவையானது. விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் 100க்கு 85 முதல் 90 பங்கு வரை ரிசினோலீக் அமிலம். இதற்கும் ஓலீக் அமிலத்துக்கும் ஒரே நீளச் சங்கிலி. 18 கரி அணுக்கள். இரண்டிலும் ஒன்பதாவது அணுவை அடுத்து ஓர் இரட்டைப் பிணைப்பு. அயோடின் காண்பது அந்தப் பிணைப்பை மட்டுமே. வேற்றுமை பன்னிரண்டாம் அணுவில் இருக்கிறது: அங்கே ரிசினோலீக் அமிலத்துக்கு மட்டும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி உண்டு.

விளக்கெண்ணெயின் தனிப்பெருமை அனைத்தும் அந்தச் சிறு தொகுதியில் அடங்கும். அதன் பிசுபிசுப்பு அதனால் வந்தது. முதல் உலகப்போரின் விமான எஞ்சின்களுக்கு மசகெண்ணெயாக அது பயன்பட்டதும், இன்று நைலான் 11 என்னும் பிளாஸ்டிக்குக்கு அது மூலப்பொருளாக இருப்பதும் ரிசினோலீக் அமிலத்தின் தயவால்தான். உறைப்பான சாராயத்தில் விளக்கெண்ணெய் கரைந்துவிடும். கடலையெண்ணெயும் நல்லெண்ணெயும் அவ்வாறு கரைவதில்லை. இஃது அக்காலத்து மருந்துக் கடைக்காரருக்கும் தெரிந்த சோதனை.

எனவே ஹைட்ராக்சில் மதிப்பை அளந்தால் கலப்படம் வெளிப்படும். தூய விளக்கெண்ணெய்க்கு அது 160ஐ ஒட்டி நிற்கும். கடலையெண்ணெய்க்கு ஏறக்குறையப் பூஜ்யம். ஐந்தில் ஒரு பங்கு கடலையெண்ணெய் சேர்ந்தால் 160 என்பது 130க்கு அருகே இறங்கிவிடும். கலப்படம் உண்டு என்பது தெரிந்தது. கலந்தது எது என்பது தெரியவில்லை.

அதற்கு அமிலங்களைத் தனித்தனியே பிரித்தாக வேண்டும். 1952இல் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் காஸ் குரோமட்டோகிராபி என்னும் முறையால் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டினர். இன்றைய ஆய்வுக்கூடங்களில் எண்ணெயைச் சிறிது காரத்துடன் மெத்தனாலில் சேர்த்து, அமிலங்களை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டர்களாக மாற்றுகிறார்கள். ஊசி முனையளவு திரவத்தை, 30 மீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் உள்விட்டமும் உடைய சூடான குழாயினுள் செலுத்துகிறார்கள். வாயுவின் ஓட்டத்தில் ஒவ்வோர் எஸ்டரும் தனக்குரிய நேரத்தில் மறுமுனைக்கு வந்து ஹைட்ரஜன் சுடரில் எரியும். ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு சிகரமாகப் பதியும். சிகரத்தின் பரப்பே அதன் அளவு.

இங்கேயும் ஓர் இடறல் உண்டு. ஹைட்ராக்சில் தொகுதி குழாயின் உட்பூச்சைப் பற்றிக்கொள்வதால் ரிசினோலீக் எஸ்டர் மிகவும் பிந்தியே வெளிவரும். மற்ற எண்ணெய்களுக்குப் பழகிய ஆய்வாளர் வழக்கமான நேரத்தில் ஓட்டத்தை நிறுத்திவிட்டால், தலையாய சிகரம் பதியாமலே போகும். கருவியோ தான் கண்டவற்றை 100 ஆக்கிக் கணக்கிடும் இயல்புடையது. எடுத்துக்காட்டாக, ரிசினோலீக் 90, லினோலீக் 5, ஓலீக் 3, பால்மிட்டிக் 1, ஸ்டியரிக் 1 என்றிருக்கும் எண்ணெயை, லினோலீக் 50, ஓலீக் 30, மற்றவை பத்துப் பத்து என்று அது அச்சிட்டுத் தரும். அந்தத் தாளை மட்டும் காண்பவர் இதை நல்லெண்ணெய்க்கு உறவினம் என்றே கருதுவார்! தூய சரக்கைக் கொணர்ந்த விவசாயி கலப்படக்காரர் என்று பெயர் வாங்கித் திரும்ப நேரிடும்.

ஓட்டத்தைப் பொறுமையுடன் இறுதிவரை நடத்தினால் கருவி உண்மையைச் சொல்லும். கலந்த எண்ணெய் இன்னது என்பதையும் சொல்லும். 20 முதல் 24 வரை கரி அணுக்கள் கொண்ட நீண்ட அமிலங்கள் வழக்கத்துக்கு மேல் தென்பட்டால் கடலையெண்ணெயை ஐயுறலாம். பால்மிட்டிக் ஏறினால் பாமாயில். விளக்கெண்ணெய்க்குச் சற்றும் தொடர்பில்லாத லாரிக் அமிலம் தலைகாட்டினால், சீசாவில் சேர்ந்தது தேங்காயெண்ணெயாகவோ எண்ணெய்ப்பனையின் பருப்பெண்ணெயாகவோ இருக்க வேண்டும்.