குளிரின் மேல் பழி போடலாமா?

குழந்தைகளின் சிறுநீர்ப் பாதையில் வரும் கோளாறுகளும் அவற்றுக்கான சிகிச்சையும்தான் இன்றைய உரையின் பொருள்.

கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் இருக்கும் லெம்பா பெர்த்தாம் போன்ற இடங்களில், பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழித்தால் பெரியவர்கள் முதலில் குளிரைத்தான் காரணம் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. குளிரில் உடல் கூடுதலாகச் சிறுநீரை வெளியேற்றும். ஆனால் காய்ச்சல் அடிப்பதற்கும், சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருவதற்கும், கழிக்கும்போது பிள்ளை வலியால் அழுவதற்கும் குளிர் காரணமல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் காலம் கடத்தினால் பிள்ளையின் சிறுநீரகமே பழுதாகக்கூடும்.

சிறுநீர் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குக் கீழ்நோக்கி மட்டுமே போக வேண்டும். சில பிள்ளைகளுக்குப் பிறவிக் கோளாறால் அது மேலே திரும்பிப் போகிறது. அதோடு கிருமித் தொற்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். விழுந்த தழும்பு மறையாது. இரண்டு சிறுநீரகங்களும் மோசமாகப் பாதிக்கப்பட்டால், இள வயதிலேயே இரத்த அழுத்தம், பிறகு டயாலிசிஸ் என்று போய் முடியலாம்.

கைக்குழந்தைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால், சிறுநீரைச் சோதிக்கும்படி பெற்றோரே கேட்கலாம். கூடுமானவரை, கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கும் முன்பே மாதிரி எடுக்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மருந்தை ஊற்றிவிட்டுப் போனால், கிருமி சோதனையில் அகப்படாமல் போகலாம். ஆண் பிள்ளையானால் சிறுநீர் நல்ல வேகத்தில் பாய்கிறதா என்றும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். முக்கி முக்கிக் கழித்தாலோ, சொட்டினாலோ, பாதையில் அடைப்பு இருக்கலாம்.

சோதனை என்றதும் பயப்படத் தேவையில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் வலியே கிடையாது. சிறுநீர்ப்பையின் அழுத்தச் சோதனை எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவைப்படுவதில்லை. முதுகுத்தண்டு பிறவியிலேயே சரியாக மூடாத பிள்ளைகள், அடைப்பு நீக்கப்பட்ட பிறகும் தொல்லை தொடரும் பிள்ளைகள் போன்றோருக்கே அது செய்யப்படுகிறது. மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையில் மெதுவாக உப்பு நீரை நிரப்பி, எவ்வளவு கொள்கிறது, எந்த அழுத்தத்தில் கசிகிறது என்று அளப்பார்கள். பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால், சிறுநீர்ப்பை ஏறக்குறைய எத்தனை மில்லிலிட்டர் கொள்ளும் என்பது தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது 180. கசியும்போது அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீர் அளவைத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்பதை, 1981-இல் அமெரிக்க மருத்துவர் மெக்குவயரும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினார்கள்.

சிகிச்சையும் முன்புபோல் இல்லை. ஆண் குழந்தையின் சிறுநீர்த் தாரையை அடைக்கும் சவ்வை, அதே வழியாக நுண்கருவியைச் செலுத்தி நீக்கிவிடலாம். வெளியில் வெட்டுக் காயம் இருக்காது. சிறுநீர் மேலே திரும்புவது இலேசாக இருந்தால், வளர வளரத் தானாகவே சரியாகிவிடுவதும் உண்டு. சரியாகாதவர்களுக்கு, குழாயின் வாயில் ஊசியால் மருந்துப் பசையைச் செலுத்தித் தடுக்கும் முறையை 1984-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஓ'டானல், பூரி என்ற மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அன்று பயன்படுத்திய பசை மாறிவிட்டாலும் வழிமுறை இன்றும் நிலைத்திருக்கிறது. சிறுநீரகத்துக்குக் கீழே உள்ள அடைப்பைச் சில மில்லிமீட்டர் துளைகள் வழியாகவே சரிசெய்யவும் முடிகிறது. எது பொருத்தம் என்பதை, பிள்ளையின் வயதையும் கோளாறையும் பார்த்து நிபுணரே முடிவு செய்வார்.

படுக்கையை நனைக்கும் பிள்ளையை அடிப்பது மட்டும் கூடவே கூடாது. ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் வரை இரவில் நனைப்பார்கள். பெரும்பாலோருக்கு அது தானாகவே நின்றுவிடும். பகலிலும் நனைத்தால், அல்லது நின்றுபோன பழக்கம் மீண்டும் தொடங்கினால், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மலையிலிருந்து நிபுணரைத் தேடிப் போவது எளிதல்ல. ஒரு நாள் கூலி போகும். வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் பிள்ளைக்கு வாந்தியும் வரும். இருந்தாலும் வழி இருக்கிறது. முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக் அல்லது தானா ராத்தா சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை. அங்கிருந்து கடிதம் பெற்று, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை அல்லது கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போகலாம்.

காய்ச்சல் இறங்கியதும் அடுத்த தேதிக்குப் போகாமல் விட்டுவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. காய்ச்சல் தணிந்தாலும் கோளாறு உள்ளேயே இருக்கலாம். மருத்துவமனை தந்த அட்டையைப் பத்திரப்படுத்தி, குறித்த நாளில் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். பெற்றோர் அன்று இழக்கும் கூலியை அடுத்த மாதம் சம்பாதித்துக்கொள்ளலாம். கெட்டுப்போன சிறுநீரகம் திரும்பக் கிடைக்காது.