ஆட்டம் நின்றாலும் அசைவு நிற்கலாகாது

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நம் கிராமங்களில் மாலை வேளையில் திண்ணையில் நால்வர் கூடினால், "நான் சடுகுடு ஆடிய காலத்திலே" என்று ஒருவர் பேச்சைத் தொடங்குவார். எந்த ஊரில் யாரை வென்றார், எத்தனை பேரைத் தனியே சாய்த்துவிட்டு மூச்சு விடாமல் கோட்டுக்குத் திரும்பினார் என்றெல்லாம் கூறுவார். கேட்க நமக்கும் பெருமையாகவே இருக்கும். ஆனால், பேச்சு முடிந்து அவர் எழும்போது தூணைப் பற்றிக்கொண்டும், முழங்காலைத் தடவிக்கொண்டும் எழுவதைக் காண்கிறோம். ஊருக்குக் கேடயம் வாங்கித் தந்த அந்த உடல், 50 வயதிலேயே ஏன் இவ்வாறு தளர்ந்தது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை நான் பிறர் குறையாகக் கூற வரவில்லை. நானும் சடுகுடு ஆடியவன்தான். என்னோடு ஆடிய தோழர் ஒருவர் எங்கள் குழுவிலேயே சிறந்தவர். அவர் பாடிச் சென்றால் எதிர்க் குழுவினர் பின்வாங்குவர். திருமணமான பின் ஆட்டத்தை விட்டார். ஆயினும் ஆடிய காலத்தில் உண்ட அளவை மட்டும் விடவில்லை. வயலுக்குச் செல்வதும் மோட்டார் சைக்கிளில் என்றாயிற்று. பல ஆண்டுகள் கழித்து ஒரு பொங்கல் விழாவில் மூத்தோருக்கென ஓர் ஆட்டம் வைத்தோம். அவர் தயங்கினார். "பழைய புலி பதுங்கலாமா?" என்று கூறிக் களத்துக்கு இழுத்தவன் நானே. இரண்டாம் முறை பாடிச் சென்றவர் மார்பைப் பிடித்துக்கொண்டு மண்ணில் அமர்ந்துவிட்டார். தக்க நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதால் உயிர் பிழைத்தார். அன்று ஊர்தியில் அவர் தலையை மடியில் வைத்திருந்தபோது என் மனம் பட்ட பாட்டை எவரும் படலாகாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் செய்த பிழை ஒன்றே. இளமையில் தேடிய வலிமை, குதிரில் கொட்டிய நெல்லைப்போல் வேண்டும்போது எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும் என்று எண்ணிவிட்டோம். உடலின் இயல்பு கிணற்றின் இயல்பு. இறைக்கும் கிணறே ஊறும்; இறைக்காத கிணறு தூர்ந்து போகும்.

இதற்கு ஆராய்ச்சியும் சான்று கூறுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று வெளியேறிய ஏறத்தாழ 17,000 ஆடவரை ரால்ப் பாஃபன்பார்கர் என்னும் அறிஞர் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1978ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். மாணவப் பருவத்தில் பந்தய வீரராக இருந்தும் பின்னர் சோம்பியிருந்தோருக்கு அந்தப் பழைய வீரம் மாரடைப்பினின்று காப்பளிக்கவில்லை. இளமையில் ஆடாமல் இருந்தும் பின்னர் உடலை இயக்கி வந்தவர்களுக்கோ அபாயம் குறைந்திருந்தது.

1966ஆம் ஆண்டில் டல்லஸ் நகரில் 20 வயது வாலிபர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்து ஆராய்ந்தனர். அவர்களுடைய இதயத்தின் ஆற்றல் வெகுவாகக் குறைந்தது. 30 ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரையும் மீண்டும் அழைத்துச் சோதித்தனர். முப்பது ஆண்டு மூப்பினால் நேர்ந்த தளர்ச்சியைவிட, அந்த மூன்று வாரப் படுக்கையினால் நேர்ந்த தளர்ச்சியே மிகுதியென்று தெரிந்தது. மேலும், நடை, மெல்லோட்டம், சைக்கிள் ஆகியவற்றில் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி அளித்ததும், முப்பது ஆண்டுகளில் இழந்த ஆற்றலை அவர்கள் திரும்பப் பெற்றனர். ஆகவே, காலம் கடந்துவிட்டதென்று எவரும் மனம் தளர வேண்டியதில்லை.

1958ஆம் ஆண்டு கார்டிஃபில் தங்கம் வென்று, 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்த மில்கா சிங்கை நாம் அறிவோம். பந்தயத்தை விட்ட பின்னும் அவர் மெல்லோட்டத்தையும் கோல்ஃப் ஆட்டத்தையும் விடவில்லை. 2021ஆம் ஆண்டில் மறையும்போது அவருக்கு வயது 90ஐக் கடந்திருந்தது.

"விவசாயிக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஏற்றம் இறைத்து, ஏர் பிடித்து, கதிர்க்கட்டைத் தலையில் சுமந்த நாளில் அக்கேள்வி பொருத்தமானதே. இன்று நீரைப் பம்புசெட் இறைக்கிறது. உழவை டிராக்டர் செய்கிறது. அறுவடைக்கும் இயந்திரம் வருகிறது. எஞ்சிய வேலையும் ஆண்டு முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. சில நாள் முதுகு ஒடிய உழைப்பு, பல நாள் ஓய்வு என்றே நடக்கிறது. உடலுக்கு வேண்டுவது இடைவிடாத அளவான உழைப்பு.

அளவு எவ்வளவு? வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வகுத்துள்ளது. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் இதனை எட்டிவிடலாம். 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாளேனும் தசை வலிமைக்கும் உடல் நிலை தடுமாறாமைக்கும் உரிய பயிற்சிகளையும் செய்தல் வேண்டும். இதற்குக் கருவி ஏதும் தேவையில்லை. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமரலாம். தூணருகே நின்று ஒற்றைக் காலில் சிறிது நேரம் நிற்கலாம். இவை முதுமையில் கீழே விழாமல் காக்கும்.

பழைய ஆட்டக்காரர்கள் மூன்றை மறவாதிருக்க வேண்டும். முதலாவது, பழைய வேகத்தில் தொடங்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டு, மெல்லத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். இரண்டாவது, முழங்காலில் பழைய காயமுள்ளவர்கள் ஓட்டத்தை விடுத்து நடையையோ சைக்கிளையோ கைக்கொள்ளுங்கள். மூன்றாவது, மார்பு வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ கண்டால் உடனே நிறுத்தி 108ஐ அழையுங்கள். வீரம் காட்டும் இடம் அதுவன்று.

இனி, ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டுத் திடல்களையும் பூங்காக்களையும் அமைத்துப் பேணுவதை ஊராட்சி மேற்கொள்ளத்தக்க பணிகளுள் ஒன்றாக 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வைத்துள்ளது. ஏரிக்கரையிலோ, திடலைச் சுற்றியோ முள் நீக்கி, மேடுபள்ளம் நிரவி ஒரு நடைபாதை அமையுங்கள். இரண்டு விளக்கும் போடுங்கள். விளக்கிருந்தால் பெண்களும் அச்சமின்றி நடக்க வருவர். பள்ளி நாளில் ஓட்டத்தில் பரிசு பெற்ற பெண்கள் எத்தனையோ பேர் நம் ஊர்களில் இருக்கிறார்கள்; திருமணத்தோடு அவர்கள் ஓட்டம் நின்றுவிட்டது.

பொங்கல் விழாவில் மூத்தோருக்குப் போட்டி வைப்பதாயின், இரண்டு மாதம் முன்னரே அறிவித்து, பயிற்சி செய்து வந்தவர்களை மட்டும் சேருங்கள். மற்றவர்களை நடுவராக அமர்த்துங்கள். சிறுவருக்குக் கற்றுத்தரச் செய்யுங்கள். மாலைதோறும் திடலுக்கு வந்து நிற்பவருக்குக் கால்களும் இயங்கும், மனமும் மலரும், ஊருக்கும் புதிய ஆட்டக்காரர்கள் கிடைப்பார்கள்.

என் தோழரைப் பற்றிக் கூறி முடிக்கிறேன். மருத்துவர் அனுமதித்த பின் அவர் நடக்கத் தொடங்கினார். முதல் நாள் தெருமுனை வரை சென்று திரும்பினார். இப்போது ஏரிக்கரை முழுவதும் நடக்கிறார். அவரைக் களத்துக்கு இழுத்த நானும் நாள்தோறும் அவருடன் நடக்கிறேன். முன்பு அவர் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க இயலாது. இன்று இருவரும் ஒரே வேகத்தில் நடக்கிறோம். நாளை விடியலில் நீங்களும் புறப்படுங்கள். தனியே செல்லாமல், உங்களோடு ஆடிய ஒருவரையும் கதவைத் தட்டி அழைத்துச் செல்லுங்கள்.