1858-ஆம் ஆண்டுச் சட்டமும் பாலஸ்தீன மண்ணும்



நிலச் சட்டம் கற்பித்த ஒரு பேராசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே யூதர்–பாலஸ்தீனர் பூசலைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டபோதே, வேத வசனங்களையும் சிலுவைப் போர்களையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மூவாயிரம் ஆண்டுப் பகை என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் ஆராய வேண்டியதில்லை. அந்தப் பேச்சின் செல்வாக்குக்குக் காரணமே அதுதான். என் கணக்கில் இந்த வழக்கின் வயது நூற்றைம்பது, நூற்றறுபது ஆண்டுதான். தொடங்கிய இடம் பத்திரப்பதிவு.

1858-இல் ஒட்டோமான் அரசு ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறதோ அவர் பெயர் பதிவாக வேண்டும், வரி ஒழுங்காக வர வேண்டும் என்பதே நோக்கம். பாலஸ்தீனக் கிராமங்கள் பலவற்றில் நிலம் 'முஷா' என்ற ஊர்ப்பொது முறையில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்குகளை மாற்றிக்கொள்வார்கள். தஞ்சைப் பக்கத்துக் கரையீட்டு முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த உழவனிடம் போய் உன் பெயரை எழுது என்றால் அவன் மிரண்டான். பெயர் ஏறினால் வரி வரும், பையனைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்கள். பலர் பதியவே இல்லை. பலர் நகரத்துப் பெரிய மனிதர் பெயரில் எழுதவிட்டு, பழையபடி உழுதுகொண்டிருந்தார்கள். அரசும் தன் பங்குக்கு விற்றது. மர்ஜ் இப்னு ஆமிர் என்ற வளமான சமவெளியில் பெரும்பரப்பு, 1870-ஐ ஒட்டி, பெய்ரூட்டின் சுர்சுக் குடும்பத்துக்குக் கிரையமானது.

1910-இல் அந்தச் சமவெளியில் அல்-ஃபூலா என்ற கிராமம் கைமாறிய கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இலியாஸ் சுர்சுக் விற்றது ஏறத்தாழ 10,000 துனும். ஒரு துனும் நம் கணக்கில் கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. வாங்கியது யூதக் குடியேற்றத்துக்காக நிலம் திரட்டியவர்கள். நாசரேத் வட்டத்து ஆட்சியாளர் ஷுக்ரி அல்-அசலி பத்திரத்தைக் கையளிக்க மறுத்தார். மேலிடமான பெய்ரூட் ஆளுநர் உத்தரவிட்டும் அசையவில்லை. ஊரில் ஒரு பழைய கோட்டையின் இடிபாடு இருந்தது. அதைக் காட்டி, விற்பனையை எதிர்த்து, சலாஹுத்தீன் என்ற புனைபெயரில் பத்திரிகையில் எழுதினார். கடைசியில் பெய்ரூட் ஆளுநர் பக்கமே வென்றது. குடியானவர்கள் வெளியேறினார்கள். 1911-இல் அங்கே மெர்ஹாவியா என்ற யூதக் குடியிருப்பு எழுந்தது. அசலி பின்னர் டமாஸ்கஸ் தொகுதியிலிருந்து ஒட்டோமான் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1916-இல் அரபு தேசியவாதி என்பதற்காக ஒட்டோமான் தளபதி ஜமால் பாஷா அவரைத் தூக்கிலிட்டார்.

அந்த விற்பனை சட்டப்படி சுத்தமானது. பணம் கொடுத்து வாங்கியவரைக் கொள்ளைக்காரர் என்று திட்டும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதுவரை நிலக்கிழார் மாறினாலும் உழுகிறவன் மாறியதில்லை. வாரத்தை யாரிடம் அளப்பது என்பது மட்டுமே மாறும். இப்போது அதுவும் மாறியது. 1901-இல் தொடங்கிய யூத தேசிய நிதியம் வாங்கிய மண்ணை மறுபடி விற்காது, யூதருக்கே குத்தகைக்கு விடும். யூத உழைப்பாலேயே யூத மண் விளைய வேண்டும் என்பது குடியேறிய தொழிலாளர் இயக்கத்தின் கொள்கை. ஐரோப்பாவில் நிலம் வைத்திருக்கவே விடாமல் தடுக்கப்பட்ட ஒரு மக்களுக்கு அது மானத்தின் கொள்கை. அல்-ஃபூலாக்காரனுக்கோ தலைமுறையாக உழுத வயலில் இனி கூலி வேலைகூட இல்லை என்று பொருள்.

யூதர்கள் வேறெங்கே போயிருக்க முடியும்? 1903-இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவில் யூதர் படுகொலை. 1924-இல் அமெரிக்கா கதவைச் சாத்தியது. 1938-இல் யூத அகதிகளுக்காக எவியானில் 32 நாடுகள் கூடி அனுதாபம் சொல்லிக் கலைந்தன. பிறகு அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஐரோப்பா தன் குற்றத்துக்கான ஈட்டை அடுத்தவர் நிலத்தில் கட்டியது என்பது என் கருத்து. பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தேசிய இல்லம் என்று பிரிட்டன் அறிவித்த 1917-இன் பால்ஃபர் பிரகடனமே இதற்கு முன்னோட்டம். மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்காக இருந்த அரபுகளின் குடிமை உரிமைக்கும் மத உரிமைக்கும் அதில் உறுதி உண்டு. அரசியல் உரிமை பற்றிப் பேச்சே இல்லை.

1947-இல் யூதர்கள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு, அவர்கள் வாங்கிய நிலம் ஏறத்தாழ 7 சதவீதம், ஐ.நா. பிரிவினைத் திட்டம் யூத அரசுக்கு ஒதுக்கியது பாதிக்கும் மேல். இந்தியா எதிர்த்து வாக்களித்தது. முன்னதாக ஈரான், யுகோஸ்லாவியாவுடன் சேர்ந்து ஒரே கூட்டாட்சி நாடு என்ற யோசனையை வைத்ததும் இந்தியாதான். இரு தரப்பிலும் அதைக் கேட்க ஆளில்லை.

1948 போரில் ஏழு லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர் ஊரிழந்தார்கள். காசாவில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் அவர்களும் அவர்கள் வழிவந்தோரும். 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் நடத்திய படுகொலைக்கு இது நியாயமாகாது. அதற்குப் பின் காசாவுக்கு நேர்ந்ததற்கு அந்தப் படுகொலையும் நியாயமாகாது.

வெளியேறியவர்களின் சொத்தை 1950-இன் 'வராதோர் சொத்துச் சட்டம்' அரசின் காப்பாளர் கையில் சேர்த்தது. நாட்டுக்குள்ளேயே இருந்து, வீட்டில் மட்டும் இல்லாதவரும் 'வராதோர்' ஆனார். அரபு நாடுகளிலும் இதே கைவேலை நடந்தது. வெளியேறிய யூதர்களின் சொத்தை 1951-இல் ஈராக் முடக்கியது.

நாட்டுக்குள்ளேயே இருந்து ஊரிழந்தவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு, கலிலேயாவில் இக்ரித் என்ற கிறிஸ்தவக் கிராமம். 1948-இல் ராணுவம், இரண்டு வாரத்தில் திரும்பலாம் என்று சொல்லி மக்களை அனுப்பியது. அவர்கள் இஸ்ரேலியக் குடிமக்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1951 ஜூலையில் வென்றார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸை ஒட்டி ராணுவம் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது. தேவாலயம் மட்டும் மிஞ்சியது. இறந்தவர்களை அங்கே அடக்கம் செய்ய இப்போது தடையில்லை. குடியிருக்கத்தான் அனுமதி இல்லை.

இனி மேற்குக் கரை. 1967-இல் இஸ்ரேல் பிடித்தபோது அங்கே மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கே முறையான பதிவு முடிந்திருந்தது. மறு ஆண்டே ராணுவ உத்தரவு அந்தப் பணியை நிறுத்தியது. 1979-இல் நப்லூஸ் அருகே ருஜைப் கிராமத்தார் தொடுத்த வழக்கில், அவர்களுடைய பட்டா நிலத்தில் எலோன் மோரே குடியேற்றம் அமைத்தது செல்லாது என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரம் இருந்தவன் தப்பித்தான். அரசு வழக்குரைஞர்கள் அடுத்த வழியைக் கண்டார்கள்: பதிவில்லாத நிலத்தை அரசு நிலமாக அறிவிப்பது. ஆதாரம், அதே 1858 சட்டம். பத்து ஆண்டு தொடர்ந்து உழுதால் உரிமை. மூன்று ஆண்டு தரிசாகப் போட்டால் அரசுக்கு. பாறை மண்டிய மலைச்சரிவில் ஒலிவ மரம் நிற்கும் இடமெல்லாம் உழவா தரிசா என்று விமானப் படத்தை வைத்து முடிவு செய்தார்கள். வரி கூட்டுவதற்கு ஒரு சுல்தான் போட்ட விதி, அவர் பேரரசே போன பிறகு, குடியேற்றத்துக்கு நிலம் எடுத்துக் கொடுத்தது.

2025 மே மாதம் 'சி' பகுதியில் நிலப்பதிவைத் தானே மீண்டும் தொடங்க இஸ்ரேல் அமைச்சரவை முடிவெடுத்தது. மேற்குக் கரையில் இஸ்ரேல் முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் ஐந்தில் மூன்று பங்கு அது. மனுக் கொடுத்தால் ஆக்கிரமித்தவரின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாகும். கொடுக்காவிட்டால் நிலம் அரசுக்கு. பங்காளி அம்மானிலோ சிகாகோவிலோ இருந்தால் அவர் பங்கு 'வராதோர்' கணக்கில் போய்விடுமோ என்ற அச்சம் வேறு. பெயரை எழுது என்று அதிகாரி கேட்க, எழுதலாமா வேண்டாமா என்று தயங்குகிற அந்த உழவனுக்குப் பாட்டன் காலத்தில் ஏமாந்த கதை நன்றாகவே தெரியும்.