ஆழத்தில் தூண்டில் இழுக்க டவுன்ரிகர்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை
(பன்விலவில், ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



பன்விலவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சொந்தக்காரர் வீடுகளில் தங்கியிருந்த நீங்கள் இப்போது சம்பூர், மூதூர்ப் பக்கம் திரும்புகிறீர்கள். 2006இல் விட்டுவந்த சம்பூர்க் காணிகளில் ஒரு பகுதி 2015இலும் இன்னொரு பகுதி 2016இலும் விடுவிக்கப்பட்டன. இங்கே ஓடும் ஹுலு கங்கை மகாவலியில் சேர்கிறது. அந்த மகாவலி நீங்கள் போகும் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது.

கடற்றொழிலை மறுபடி தொடங்கும் சிலர், "சின்னப் படகுக்கு டவுன்ரிகர் வாங்கலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். இன்று அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

படகை மெல்ல ஓட்டித் தூண்டிலை இழுக்கும்போது இரை மேல்நீரிலேதான் வரும். கொட்டியாரக் குடாவிலோ கடலடியில் பெரிய பள்ளம் இருக்கிறது; கரையை விட்டுக் கொஞ்சம் போனதும் ஆழம் சடுதியாகக் கூடும். மீன் கீழே நின்றால் மேலே போகும் இரையால் பயனில்லை. டவுன்ரிகர் இரையை நீங்கள் விரும்பும் ஆழத்துக்குக் கொண்டுபோகும். அதில் ஒரு உருளை, கைப்பிடி, கம்பி, கம்பி நுனியில் ஈயக்குண்டு இருக்கும். தங்கூசியைக் கம்பியில் ஒரு கிளிப்பால் கொளுவி இறக்குவார்கள். மீன் கடித்ததும் கிளிப் விட்டுவிடும். பிறகு ஈயத்தின் பாரமில்லாமல் மீனை இழுக்கலாம்.

மின்சாரத்தில் இயங்குவதும் உண்டு. அதற்கு மின்கலம் வேண்டும். கயிறு இழுத்து இயக்கும் எஞ்சின் பூட்டிய பைபர் படகில் பெரும்பாலும் அது இருக்காது. ஆகவே கையால் சுற்றுவதே உங்களுக்குப் பொருந்தும்.

ஆனால் உடனே வாங்காதீர்கள். முதலில் ஒரு பருவம் தங்கூசியிலேயே ஈயம் கட்டி இழுத்துப் பாருங்கள். செலவு குறைவு. ஆழத்தில் அறக்குளாவோ பாரையோ படுகிறது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

வாங்கும்போது ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பிரேக். குண்டு பாறையில் சிக்கினால் பிரேக் வழுக்கிக் கம்பியை விட வேண்டும். இறுகி நிற்கும் பிரேக் படகையே சரிக்கக்கூடும்.

இரண்டாவது, பொருத்தும் இடம். பைபர் விளிம்பில் வெறும் திருகாணி போதாது. உட்பக்கம் பலகையோ தகடோ வைத்து, ஊடுருவும் போல்ட்டால் இறுக்குங்கள்.

மூன்றாவது, உப்பு. கம்பியும் அச்சும் துருப்பிடிக்காத உருக்காக இருக்க வேண்டும். தினமும் நன்னீரில் கழுவுங்கள்.

நான்காவது, குண்டின் எடை. சிறு படகுக்கு 4 முதல் 5 கிலோ போதும். வேகத்தை 2, 3 நொட்டில் வையுங்கள். வேகம் கூடினால் குண்டு பின்னால் போய் மேலே எழும்பும்.

ஐந்தாவது, ஆழம் காட்டும் எண்ணி. அது இல்லாவிட்டால், ஒரு சுற்றுக்கு எத்தனை அடி கம்பி போகிறது என்று கரையிலேயே அளந்து வையுங்கள்.

கடலில் இருவர் வேண்டும்: ஒருவர் எஞ்சினில், மற்றவர் உருளையில். கம்பியைக் கையில் சுற்றாதீர்கள். சடுதியாகத் திருப்பினால் கம்பி விசிறியில் சிக்கும். கம்பி வெட்டும் குறடு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கடல் கொந்தளித்தால் குண்டை உடனே மேலே எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, பணம். உதவிப் பணத்தில் முதலிடம் உயிர்காப்பு அங்கிக்கும் எஞ்சின் திருத்தத்துக்கும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படியான படகுப் பதிவும் அனுமதிப்பத்திரமும் அதோடு சேர்ந்தவை. மிச்சமிருந்தால்தான் டவுன்ரிகர். கடன்பட்டு வாங்க வேண்டாம். இரண்டு மூன்று வீட்டார் கடற்றொழிலாளர் சங்கம் மூலம் சேர்ந்து ஒன்று வாங்கி, முறை வைத்துப் பாவிக்கலாம். வாடைக் காலத்தில் கிழக்குக் கடல் குழம்பியிருக்கும். அப்போது வாங்கினால் பணம் சும்மா முடங்கும். கடல் அமர்ந்த பிறகு வாங்குங்கள்.

போன இடத்தில் தொழில் கைகூடட்டும்.